யாருக்கு யாரைத் தெரிகிறது?

(ஒடுகத்தூரில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"கம்ப்யூட்டரைப் பற்றி ஏதாவது பேசு தம்பி" என்றுதான் வாசகர் வட்டத்தார் முதலில் கேட்டார்கள். அப்புறம் "பசங்க விளையாடற கேமைப் பற்றியும் சொல்லு" என்றார்கள். நேற்று இரவு போன் செய்து, "இந்த ஆதார், ஓடிபி, பிரைவசி, அதையும் சேர்த்துக்கோ" என்றார்கள். மூன்றையும் சேர்த்துக்கொண்டேன். நான் சட்டம் படித்தவன் இல்லை. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன். உங்கள் விரல் போன் கண்ணாடியைத் தொடுகிறதே, அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்த்தால் மூன்று தலைப்பும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. யாருக்கு யாரைத் தெரிகிறது?

முதலில் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டிவிடுகிறேன். ஒரு செயலியைத் திறக்கிறீர்கள். பிடிக்கவில்லை, மூடிவிடுகிறீர்கள். உங்களைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குள் பல வரிகள் பதிவாகிவிட்டன. எத்தனை மணிக்குத் திறந்தார், எந்த மாடல் போன், எந்த ஊர்ப்பக்கம், எதுவரை தள்ளிப் பார்த்தார், எந்தப் படத்தில் கொஞ்ச நேரம் நின்றார், எந்தப் பட்டனைத் தொடாமல் போனார் என்று வரிவரியாக இருக்கும். வாங்கியவரைவிட வாங்காமல் போனவர் மேல்தான் எங்கள் உலகத்துக்கு அக்கறை அதிகம்.

இதில் மந்திரமும் இல்லை, சதியும் இல்லை. செயலி எங்கே சிக்கி நிற்கிறது என்று தெரியாமல் அதைச் சரிசெய்ய முடியாது. நானே அந்த வரிகளைப் படித்துத்தான் கோளாறு கண்டுபிடிக்கிறேன். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. கோளாறு பார்க்க எழுதி வைத்த வரியை வேலை முடிந்ததும் அழிக்க யாருக்கும் மனசு வருவதில்லை. சேமித்து வைக்க ஆகும் செலவோ சொற்பம். "இருக்கட்டும், என்றைக்காவது உதவும்" என்று கிடக்கும். என்றைக்காவது ஒருநாள் விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "அதைக் கொஞ்சம் கொடுங்களேன்" என்பார்.

கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "போன் நாம பேசறதை ஒட்டுக் கேக்குதா?" என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். அப்படிக் கேட்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. குடியாத்தத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறீர்கள். சாப்பிடும்போது வாஷிங் மெஷின் பேச்சு வருகிறது. மறுநாள் உங்கள் போனில் வாஷிங் மெஷின் விளம்பரம் வந்து நிற்கிறது. ஆடிப்போகிறீர்கள். ஆனால் மாப்பிள்ளை முந்தின வாரமே தன் போனில் விலை தேடியிருக்கிறார். அந்த வீட்டு வைஃபையில் உங்கள் போனும் சேர்ந்தது. இரண்டு போனும் ஒரே கூரையின் கீழ் ராத்திரி தங்கின. இருவரும் உறவு என்று ஊகிக்க இது போதாதா? இதற்குக் காது எதற்கு?

தம்பிகளுக்கு ஒன்று. பிரவுசரில் 'இன்காக்னிட்டோ' திறந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது உங்கள் போனை எடுத்துப் பார்க்கும் அண்ணனுக்குத் தெரியாமல் இருப்பதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான். அப்படித் திறந்த பிறகும் தகவல் சேர்க்கிறார்கள் என்று கூகுள் மேல் அமெரிக்காவில் 2020இல் வழக்குப் போட்டார்கள். 2024இல் வெளியான சமரச ஒப்பந்தத்தில் கூகுள் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டது. இல்லாததை எப்படி அழிப்பார்கள்?

இங்கே பெரியவர் யாராவது மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்: "பார்த்தா பார்த்துட்டுப் போகட்டுமே, என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" அவருக்காகத்தான் பொய்கைச் சந்தையை இழுத்து வருகிறேன். செவ்வாய்க்கிழமை அங்கே மாடு பிடித்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். விலை எப்படிப் பேசுவீர்கள்? வாய் பேசாது. கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவீர்கள். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் என்ன விலை என்று தெரியாது. ஏன், விற்பது திருட்டு மாடா? இல்லை. எந்த விலைக்கு நீங்கள் இறங்கினீர்கள் என்பது பக்கத்தில் நிற்கும் வியாபாரிக்குத் தெரிந்துவிட்டால், உங்கள் அடுத்த மாடு அதற்கு மேல் ஒரு ரூபாய் போகாது. தப்பு செய்கிறவனுக்குத்தான் மறைப்பு வேண்டும் என்று யார் சொன்னது? பேரம் பேசுகிற எவனுக்கும் வேண்டும்.

இன்றைக்கு என்ன ஆகியிருக்கிறது? துண்டு கம்பெனிக்காரர்கள் கை மேல் மட்டும் கிடக்கிறது. நம் விரல் வெட்டவெளியில் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பொருளை மூன்று தரம் திறந்து பார்த்து மூடினீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எதுவரை இறங்கி வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. யாருக்கு யாரைத் தெரிகிறது?

அந்தத் துண்டு நம் உரிமை என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி, ஒன்பது நீதிபதிகள், ஒருமித்த தீர்ப்பு. அந்தரங்கம் அடிப்படை உரிமை. ஆதாரை எதிர்த்து அந்த வழக்கைக் கொண்டுபோனவர் கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. 2012இல் வழக்குப் போட்டபோதே எண்பதைத் தாண்டியவர். பேரன் பேத்தியோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். நல்லவேளை, இருக்கவில்லை.

டெல்லித் தீர்ப்பு டெல்லியில் இருக்கட்டும். நம் தெருவுக்கு வருவோம். ஜெராக்ஸ் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் நமக்குத் தெரிந்தவர், நல்லவர். "வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்கண்ணே, பிரிண்ட் போட்டுத் தரேன்" என்கிறார். ஆதார் அனுப்புகிறோம். பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம் அனுப்புகிறோம். பொண்ணுடைய சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் அனுப்புகிறோம். காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அனுப்பியது எங்கே போயிற்று? அந்தக் கம்ப்யூட்டரில் 'டவுன்லோட்ஸ்' என்று ஒரு இடம் இருக்கிறது. திறந்தால் மொத்த ஊரும் அங்கே வரிசையாக இருக்கும். அப்பா பெயர், பிறந்த தேதி, கணக்கு எண், கையெழுத்து, எல்லாம். கடைக்காரர் எதையும் செய்யமாட்டார். கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போகுமே, அங்கே இருப்பவர்? பழசாகி விற்றுவிடுவாரே, அதை வாங்குபவர்?

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், கண்ட இடத்தில் ஆதார் நகலைக் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' ஆதாரைக் கொடுங்கள் என்று ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்கு அந்த எச்சரிக்கை பிடித்திருந்தது. எச்சரிக்கையைத்தான் திரும்பப் பெற்றார்கள், மாஸ்க்டு ஆதாரை இல்லை. அது இன்னும் ஆதார் தளத்தில் கிடைக்கிறது. காசு கொடுக்கும்போதே, "அண்ணே, நான் அனுப்பினதை அழிச்சிடுங்க" என்று நின்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார்.

இதில் இன்னொரு வேடிக்கை. நீங்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் போதாது. ஒரு வினாடி வினாச் செயலி வழியாக ஃபேஸ்புக்காரர்களின் தகவல் கசிந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018இல் வெடித்ததே, அப்போது ஃபேஸ்புக் ஒரு கணக்குச் சொன்னது. இந்தியாவில் அந்த வினாடி வினாச் செயலியைப் போட்டுக்கொண்டவர்கள் 335 பேர். அதனால் தகவல் போயிருக்கக்கூடியவர்கள் சுமார் 5,62,000 பேர். 335 பேர் எங்கே, அஞ்சரை லட்சம் எங்கே? ஒருவர் 'சரி' என்று தட்டினார், அவருடைய நண்பர்கள் எல்லோருடைய கதவும் திறந்தது. உங்கள் போனில் இருக்கும் எண்களெல்லாம் உங்களுடையவை இல்லை. அவை உங்கள் மச்சானுடையவை, டீச்சருடையவை, மேஸ்திரியுடையவை. டார்ச் அடிக்கும் செயலிக்கும் ராசிபலன் செயலிக்கும் அதைக் காட்ட உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?

சும்மா பயமுறுத்தவில்லை. ஷூ கம்பெனியில் ஆர்டர் குறைந்து, ஓவர்டைம் நின்றுபோகிற மாதத்தில்தான் கடன் செயலி போனுக்குள் நுழைகிறது. அஞ்சே நிமிஷத்தில் பணம். அடமானம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம். செயலிக்காரன் ஒன்றே ஒன்று கேட்கிறான்: தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி. அதுதான் அடமானம்! தவணை ஒருநாள் தள்ளினால் அண்ணனுக்குப் போன் போகிறது, சூப்பர்வைசருக்குப் போகிறது, சம்பந்தி வீட்டுக்குப் போகிறது. நகையை வைத்தால் நகையோடு போகும். இங்கே மானம் போகிறது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக்கூடாது என்று விதி போட்டது. விதிக்குக் கட்டுப்பட்ட கம்பெனிகள் நிறுத்தின. கட்டுப்படாதவன் ரிசர்வ் வங்கியையே கண்டுகொள்வதில்லையே!

விளையாட்டுக்கு வருகிறேன். முன்வரிசைத் தம்பிகள் இப்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

விளையாட்டைத் திட்ட நான் வரவில்லை. நான் விளையாடுகிறவன். வேலூரில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ரோட் ராஷ் பைக் ரேஸ் ஓட்டியவன். காசு தீர்ந்தால் கடைக்காரர் முதுகில் தட்டி எழுப்பிவிடுவார். இப்போது அந்தத் தட்டு இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா தண்ணீராக ஓட ஆரம்பித்தது, பிரவுசிங் சென்டர்கள் ஆதார் திருத்தும் கடைகளாயின. பப்ஜி என்ற சுடும் விளையாட்டு வந்தது, 2020 செப்டம்பர் 2ஆம் தேதி 118 சீனத் தொடர்புச் செயலிகளில் ஒன்றாகத் தடையாயிற்று. அடுத்த வருஷமே கொரியக் கம்பெனி பெயரை மாற்றி பிஜிஎம்ஐ என்று கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதுவும் மறைந்தது, 2023 மே மாதம் திரும்பி வந்தது. அதற்குள் நம் பசங்க எவனும் விளையாட்டை நிறுத்தியதாக எனக்குத் தகவல் இல்லை.

என் பார்வையில் சுடுகிற விளையாட்டா, ஓடுகிற விளையாட்டா என்பது பெரிய விஷயமில்லை. அந்த விளையாட்டு எப்போது சம்பாதிக்கிறது என்று பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு, விற்ற அன்றே சம்பாதித்துவிட்டது. நீ விளையாடு, விளையாடாமல் போ, அதற்குக் கவலை இல்லை. இலவச விளையாட்டு, நீ நிறுத்தாத வரைக்கும்தான் சம்பாதிக்கும். ஆகவே நீ எப்போது நிறுத்துவாய் என்பதுதான் அதன் முழுநேர ஆராய்ச்சி. மூன்று ஆட்டம் தோற்றால் கையெடுக்கிறவனா? அவனுக்கு இரண்டாவது தோல்விக்குப் பிறகு ஒரு சுலப வெற்றி வைக்கலாம். ராத்திரி பதினோரு மணிக்குப் படுக்கிறவனா? பத்தே முக்காலுக்கு ஒரு பரிசுப் பெட்டி அனுப்பலாம். இதையெல்லாம் செய்வதற்கான கருவி என்னைப்போன்ற எவன் மேசையிலும் இருக்கிறது. எல்லோரும் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. செய்தால் உனக்குத் தெரியவே தெரியாது என்கிறேன்.

இதிலே பணத்தையும் போட்டால் அது ரம்மி. அரசமரத்தடியில் சீட்டாடியவர்கள் இங்கே இருக்கலாம், நான் கேட்கவில்லை. அங்கே எதிரே உட்கார்ந்தவன் முகம் தெரியும். அவன் கை நடுங்கினால் தெரியும். போலீஸ் வந்தால் சேர்ந்து ஓடலாம். போன் ரம்மியில் எதிரே இருப்பது ஆளா, மென்பொருளா என்பதே தெரியாது. ஆனால் உன் சம்பளம் ஏறிய தேதியைக்கூட அங்கே ஊகித்துவிட முடியும்.

ரம்மியில் பணம் இழந்து உயிர்கள் போயின. தமிழ்நாடு அரசு தடைச் சட்டம் போட்டது, 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள், அறிக்கை வந்தது, சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் மாதக்கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் மறுபடி நிறைவேற்றினார்கள், ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அவற்றைத் தடை செய்ய முடியாது என்றது. சரி, தடுக்கத்தானே முடியாது, ஒழுங்குபடுத்தலாமே என்று 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது. ஆதார் வைத்து ஆளைச் சரிபார்க்க வேண்டும் என்றன.

இப்போதுதான் கூத்து. ரம்மி கம்பெனிகள் உயர் நீதிமன்றம் போயின. என்ன வாதம் தெரியுமா? ஆதார் கேட்பது ஆட்டக்காரரின் அந்தரங்க உரிமைக்கு விரோதமாம்! ஒருவன் எந்த நேரத்தில் ஆடினான், எவ்வளவு தோற்றான், தோற்று எத்தனை நிமிஷத்தில் திரும்பி வந்தான் என்று கணக்கு வைத்திருப்பவர்கள், புட்டசாமி தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 2025 ஜூன் 3ஆம் தேதி நீதிபதிகள் எஸ்.எம். சுப்ரமணியம், கே. ராஜசேகர் அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை. அந்தரங்கத்துக்கும் எல்லை உண்டு என்றது.

நான் எந்தப் பக்கம்? ராத்திரி ஐந்து மணி நேரம் கடையை மூடு என்பதற்கு இரண்டு கையையும் தூக்குகிறேன். பழைய பிரவுசிங் சென்டர்க்காரரின் தட்டு அது. ஆதார் விஷயத்தில் எனக்கு உறுத்தல் இருக்கிறது. கம்பெனி சொன்னதாலேயே ஒரு வாதம் பொய்யாகிவிடாது. சூதாட்டக்காரனிடம் இருக்கும் நம் தகவல் போதாதென்று ஆதாரையும் சேர்த்துக் கொடுப்பானேன்? ஆனால் அந்தச் சண்டை முடிவதற்குள் மைதானமே காலி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் சட்டம் நிறைவேற்றி, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டையே மொத்தமாகத் தடை செய்தது. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து, அப்படிப்பட்ட விளையாட்டை நடத்திய டிரீம்11 கம்பெனியின் பெயர் காணாமல் போனது. வெளிநாட்டுத் தளங்கள் டெலிகிராம் வழியாக ஆள் பிடிப்பது மட்டும் நின்றபாடில்லை.

இவ்வளவு நேரம் கம்பெனிகளைத் திட்டிவிட்டேன். அரசாங்கத்தை விட்டுவிடலாமா?

ரேஷன் கடை வரிசையைப் பாருங்கள். டேனரியில் ஈரத்தோல் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்த ஒரு பெரியம்மா வருகிறார். சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் ஊறிய கை. கட்டைவிரலை வைக்கிறார், மெஷின் ஏற்கவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி வைக்கிறார். ஆள்காட்டி விரலை வைக்கிறார். பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுகிறார். அந்த அம்மா யார் என்று கடைக்காரருக்குத் தெரியும், வரிசைக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். மெஷினுக்கு மட்டும் தெரியாது. ஏன் தெரியவில்லை என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்வதில்லை. கண்கருவிழி பார்க்கும் கருவி வந்த கடைகளில் இந்தப் பாடு கொஞ்சம் குறைந்திருக்கிறது. விரல் தேய்ந்தால் கண். சரி, எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று. பத்திரமாக வைத்திருக்கிறார்களா? 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே வெளியாள் நுழைந்துவிட்டான். பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை எங்கே போய் மாற்றுவது?

நம்மைக் காப்பாற்ற 2023இல் ஒரு சட்டம் வந்தது, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தகவலைக் கோட்டைவிட்ட கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். 18 வயதுக்குள் இருப்பவர் தகவலைத் தொட, பெற்றோர் சம்மதம் வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. முக்கியமான கடமைகளுக்குக் கம்பெனிகளுக்குப் பதினெட்டு மாதம் அவகாசம். ஆனால் அதே சட்டத்தின் 44(3) பிரிவுக்கு அவகாசம் எதுவும் இல்லை, உடனே அமலாகிவிட்டது. அது என்ன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்துவது. முன்பெல்லாம் ஒரு அதிகாரியைப் பற்றிய விவரம் பொதுப்பணியோடு தொடர்பு உடையதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இப்போது 'தனிநபர் தகவல்' என்று ஒரே வரியில் மறுத்துவிட இடம் இருக்கிறது. பொதுநலனுக்காகக் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு மிச்சம் இருக்கிறது, கேட்டுப் போராட வேண்டும். நம் கைக்கு என்று நெய்த துண்டு, முதலில் போய் யார் கை மேல் விழுந்திருக்கிறது பார்த்தீர்களா? யாருக்கு யாரைத் தெரிகிறது?

முணுமுணுத்தால் எதுவும் நடக்காது என்பதும் இல்லை. 2025 நவம்பர் கடைசியில், விற்கிற ஒவ்வொரு புது போனிலும் 'சஞ்சார் சாத்தி' செயலியைப் போட்டே விற்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. நாடு முழுக்கக் கேள்வி கேட்டார்கள். டிசம்பர் 3ஆம் தேதி கட்டாயம் இல்லை என்று திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இத்தனைக்கும் அந்தச் சேவை உபயோகமானது. அதன் இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம், நீங்கள் வாங்காத எண் இருந்தால் துண்டிக்கச் சொல்லலாம். ஆன்லைன் மோசடியில் பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய எண் 1930. போன நிமிஷமே அழைக்க வேண்டும். மாப்பிள்ளை வரட்டும், பையன் வரட்டும் என்று காத்திருந்தால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

நேரம் ஆகிவிட்டது, கடைசி பஸ்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் நான் அந்த ஜன்னல் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பேன். போனோடு வாருங்கள். எந்தச் செயலி உங்கள் தொடர்பு எண்களைப் பார்க்கிறது, எது மைக்கைத் திறக்கிறது, எது ராத்திரி முழுக்க இருப்பிடத்தைக் கேட்கிறது என்று செட்டிங்ஸில் சேர்ந்தே பார்ப்போம், வேண்டாததை நீங்களே மூடுங்கள். பெரியவர்களுக்கு முதல் இடம், பப்ஜி தம்பிகள் கடைசியில். ஒரே ஒரு வேண்டுகோள்: போனைத் திறக்கும்போது நான் திரும்பிக்கொள்கிறேன், பாஸ்வேர்டை என்னிடம் சத்தமாகச் சொல்லாதீர்கள்.